உப்புத்தண்ணி, சோப்பு, ஒரு லேத்துப் பட்டறை

குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துக் குளித்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சோப்புப் போட்டுவிட்டு எத்தனை கப் தண்ணி ஊத்தினாலும் உடம்பில் வழுவழுப்பு போகவே போகாது. (அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எல்லாத்துக்கும் தடை இருக்கு. நான் சொல்றது பாத்ரூமில்.) அதே சோப்பை அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற எங்க இலத்தூரில் போர் தண்ணியில் தேய்த்தால், நுரைக்குப் பதிலா வெள்ளையா ஒரு திரிதான் வரும். பக்கெட்டின் ஓரத்தில் அது வளையம் வளையமாப் படியும். சின்ன வயசிலிருந்து பார்ப்பதால் இதில் யோசிக்க ஒண்ணுமில்லைன்னுதான் நினைச்சிருந்தேன். ஆனா ஒரு லேத்துப் பட்டறை மூடப்படுவதற்கும் மூடாமல் இருப்பதற்கும் நடுவில் இந்த விஷயம் வந்து நிற்கும்னு எதிர்பார்க்கலை.

பட்டறை இலத்தூர் விலக்கு பக்கம். ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பழைய ஷேப்பர். நடத்துகிற அண்ணாச்சிக்கு அறுபது வயசிருக்கும். கூட ஒரு பையன். ரைஸ் மில் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், பம்ப்புக்கு ஸ்லீவ், இப்படித்தான் வேலை வரும். நான் பி.இ. படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது கோடு எழுதி. வீட்டு கேட்டுக்கு ஒரு பின் திருகப் போனவனிடம் அண்ணாச்சி சொன்னார்:

"தம்பி, நீங்க இஞ்சினியருதான? இத என்னன்னு கொஞ்சம் பாருங்களேன். ராத்திரி கழட்டி வச்ச ஜாப்பு காலைல துரு புடிச்சிக் கெடக்கு. ரெண்டு பார்ட்டி திருப்பி அனுப்பிட்டாவ. கூலண்டு வேற நாத்தம் தாங்கல."

கூலண்ட் தொட்டியைப் பார்த்தேன். பால் மாதிரி இருக்க வேண்டியது திரிந்த மோர் மாதிரி இருந்தது. மேலே மஞ்சளாக ஒரு ஏடு. திங்கட்கிழமை காலையில் அழுகிய முட்டை வாசம் வரும்னார். எண்ணெய் சரியில்லைன்னு நினைச்சு மூணு கம்பெனி மாத்தியிருக்கிறார். 20 பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு எண்ணெய்ன்னு டின்னில் போட்டிருந்ததை, 10 பங்குக்கு ஒண்ணுன்னு கூட்டியும் பார்த்திருக்கிறார். ரெண்டு நாள் நல்லா இருக்கும், மறுபடி திரியும். இதுக்கு நடுவில் அந்தப் பையனின் கையைப் பார்த்ததுதான் என்னை உட்கார வைத்தது. விரல் இடுக்கெல்லாம் செவந்து, தோல் வெடித்து, ரெண்டு இடத்தில் ரத்தம் கசிந்த தழும்பு. "அரிக்கிண்ணே" என்றான், அவ்வளவுதான்.

முதலில் அந்தத் தொட்டியில் இருப்பது என்னன்னு பார்ப்போம்.

இரும்பைக் கடையும்போது மோட்டார் செலவழிக்கிற சக்தி கிட்டத்தட்ட முழுசும் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு இறங்குகிற இடம் டூலின் முனை. 1880களில் அமெரிக்காவில் மிட்வேல் எஃகு ஆலையில் வேலை பார்த்த ஃபிரெடரிக் டெய்லர், முனையில் தண்ணீரைத் தாரையாக விட்டாலே கடைசல் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் கூட்டலாம்னு காட்டினார். துருப்பிடிக்காமல் இருக்க அந்தத் தண்ணியில் சோடா உப்பு கலந்திருந்தது. பின்னால் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து பேரும் கெட்ட பேரும் வாங்கிய அதே டெய்லர்தான்.

சூட்டை வாங்குவதில் தண்ணியை அடிக்க ஆளில்லை. ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேணும். மினரல் எண்ணெய்க்கு ஏறக்குறைய அதில் பாதி போதும். தண்ணி விலையும் குறைவு, தீயும் பிடிக்காது. ஆனா மசகுன்னு பார்த்தா தண்ணி படுமோசம். பாகுநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். லேத்தின் கியர் பாக்ஸில் ஊற்றுகிற 68ஆம் நம்பர் எண்ணெய்க்கு அந்த 68 என்பதே 40 டிகிரியில் அதன் பாகுநிலை. அதே அளவுகோலில் தண்ணி 0.66. நூறில் ஒரு பங்கு. இன்னொரு குறையும் உண்டு. எண்ணெயை ரெண்டு உலோகத்துக்கு நடுவில் வைத்து நசுக்கினால் அழுத்தம் கூடக் கூட அது இறுகும். பேரிங்குகளும் கியர்களும் உயிரோடு இருப்பதே அந்தக் குணத்தால்தான். தண்ணி அப்படி இறுகாது, நழுவி ஓடிவிடும்.

"அப்போ நம்ம சப்மெர்சிபிள் மோட்டார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோயம்புத்தூரில் செய்கிற போர்வெல் மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குள்ளே வெறும் தண்ணிதான் நிரப்புகிறார்கள். பேரிங்குக்கும் அதுதான் மசகு. ஆனா அங்கே பாரம் அகலமான பரப்பில் பரவுகிறது. மேல் பாரத்தைத் தாங்குகிற பேரிங்கில் கார்பன் இருக்கும். ஒரே திசையில், ஒரே வேகத்தில், நிற்காமல் சுற்றுவதால் தண்ணியே ஒரு மெல்லிய படலமாக ஆப்பு மாதிரி நுழைந்து பாரத்தைத் தூக்கிக்கொள்கிறது. லேத் டூலின் முனை அப்படிக் கிடையாது. ஒரு சதுர மில்லிமீட்டரில் நூறு கிலோ அளவுக்கு அழுத்தம். அதுவும் அந்த நொடியில் பிறந்த பச்சை இரும்பு. துருவோ ஆக்சைடோ படியாத அந்தப் பரப்பு, டூலோடு ஒட்டிப் பற்றிக்கொள்ளத் துடிக்கும். அங்கே வெறும் தண்ணியை விட்டால் சூடு தணியும், உராய்வு குறையாது. டேப் போடும்போது வெறும் தண்ணி விட்டுப் பாருங்கள், கீச்சென்று கத்தும். ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் அடங்கும்.

தண்ணியின் குளிர்ச்சியும் வேணும், எண்ணெயின் வழுக்கலும் வேணும். ரெண்டும் ஒட்டாது. ஒட்ட வைக்கிற தரகர்தான் சர்ஃபக்டன்ட். பள்ளிக்கூடத் தமிழில் பரப்பு இழுவிசை குறைப்பான்.

இந்த மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணியை விரும்பும். வால் என்பது நீளமான கரிச் சங்கிலி. தண்ணியைக் கண்டால் ஆகாது, எண்ணெயோடு சேரும். சோப்பு இதில் மூத்தது. இது தண்ணியில் விழுந்ததும் வால் ஒளிய இடம் தேடும். தண்ணியின் மேல்பரப்புக்கு வந்து வாலைக் காற்றில் நீட்டி நிற்கும். அப்போது தண்ணியின் பரப்பு இழுவிசை 72 அலகிலிருந்து 30 பக்கம் இறங்கும். எண்ணெய்த் துளி கிடைத்தால் வாலை அதற்குள் சொருகிக்கொள்ளும். எதுவும் இல்லையென்றால் தங்களுக்குள் வாலோடு வால் சேர்ந்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அதற்கு மிசெல் என்று பெயர். உலோகம் கிடைத்தால்? தலையை இரும்பில் ஊன்றி, வாலை வெளியே நீட்டி வரிசையாக நிற்கும். நடவு முடிந்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள்: வேர் சேற்றில், தாள் மேலே, பக்கத்தில் பக்கத்தில் நெருக்கமாக. எதிரில் இருக்கிற டூலின் பரப்பிலும் இதே நாற்று தலைகீழாக. இப்போது உரசிக்கொள்வது இரும்பும் இரும்பும் அல்ல, தாளும் தாளும்தான். அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சில லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான் மசகு.

இதைக் கண்டுபிடித்த வரலாறு எனக்குப் பிடித்தது. அதில் முக்கியமான ஒருவர் எந்த ஆய்வகத்திலும் இல்லை. ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற பெண், கல்லூரிப் படிப்பு இல்லாதவர், பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்தவர். ஒரு தகரத் தொட்டியில் தண்ணி நிரப்பி, மேலே ஒரு பட்டையை நகர்த்தி நகர்த்தி, அழுக்குப் படலம் பரப்பு இழுவிசையை எப்படி மாற்றுகிறது என்று அளந்தார். அதை இங்கிலாந்தில் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை 1891இல் நேச்சர் இதழில் வெளிவரச் செய்தார். முப்பது வருஷம் கழித்து, 1922இல், வில்லியம் ஹார்டியும் ஐடா டபுள்டேயும் இந்த மெல்லிய படலம் உராய்வை எப்படிக் குறைக்கிறது என்று அளந்தார்கள். வால் நீளமாக நீளமாக உராய்வு படிப்படியாகக் குறைவது தெரிந்தது. வேலை விட்டு வந்து ராத்திரி பாட்டிலும் கையுமாக உட்காருகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தகரத் தொட்டி ஒரு தெம்பு.

சரி, பட்டறைக்கு வருவோம். கடையில் சர்வோகட், கூல்கட் என்று கேட்டு வாங்குகிற "கரையும் எண்ணெய்" உண்மையில் கரைவதில்லை. மினரல் எண்ணெய், அதைத் துளிகளாக்கித் தாங்குகிற சர்ஃபக்டன்ட்கள், துருத் தடுப்பான், கிருமிநாசினி எல்லாம் சேர்ந்த கலவை அது. தண்ணியில் ஊற்றினால் எண்ணெய் மைக்ரான் அளவுத் துளிகளாகச் சிதறும்; ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரியும். டெட்டாலோ பினாயிலோ தண்ணியில் பட்டதும் வெளுப்பதும் இதே வித்தைதான். ஒரு விதி: எப்போதும் தண்ணியை வைத்துக்கொண்டு எண்ணெயை அதில் ஊற்றணும். எண்ணெயில் தண்ணியை ஊற்றினால், எண்ணெய்க்குள் தண்ணித் துளிகள் என்று தலைகீழான பால்மம் உண்டாகிக் களி மாதிரி ஆகிவிடும். அண்ணாச்சி வாளியில் எண்ணெயை ஊற்றிவிட்டு அதன் மேல்தான் குழாயைத் திறந்துவிடுவார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. முதலில் எனக்கு இது புரியவே இல்லை. பால்மம் தொட்டியில் பிரியக்கூடாது. ஆனா சூடான உலோகத்தில் பட்டதும் பிரிந்தே ஆகணும். துளி உடைந்து எண்ணெய் அங்கே படிந்தால்தான் வழுக்கும். சர்ஃபக்டன்டைக் கூட்டிக் கூட்டி ரொம்பக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், எண்ணெய் துளிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், இரும்புக்கு வராது. தகடு உருட்டுகிற ஆலைகளில் இதனால்தான் வேண்டுமென்றே அரைகுறையாக நிற்கிற பால்மத்தைப் பயன்படுத்துவார்கள். இன்னொரு போட்டியும் உண்டு. இரும்பின் பரப்பில் இடம் அளவானது. எண்ணெயைத் தாங்குகிற சர்ஃபக்டன்ட் அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டால், மசகுக்காகப் போட்ட கொழுப்பமிலம் நிற்க இடமிருக்காது. எண்ணெயைக் கூட்டி ஊற்றினால் எல்லாம் சரியாகும் என்பது அதனால் தப்பு.

அப்போ அண்ணாச்சியின் தொட்டியில் பால் ஏன் திரிந்தது? எண்ணெயை மூணு தடவை மாத்தியாச்சு. மாறாதது தண்ணி. கோடில் பக் தேடும்போதும் இதே கதைதான். எதை நாம் சந்தேகப்படவே இல்லையோ அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

குற்றால மலையில் பெய்கிற மழை, கடினமான பாறை மேல் கொஞ்ச நேரம் ஓடி அருவியாக விழுந்து சிற்றாறாகிறது. அதில் கரைய நேரமுமில்லை, கரைகிற பொருளும் அதிகமில்லை. போர் தண்ணி அப்படியில்லை. பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் கிடந்து கால்சியமும் மெக்னீசியமும் சேர்த்துக்கொண்டு வருகிறது. நாம் பொதுவாக உப்புத்தண்ணி என்று சொல்லிவிடுவோம். சோப்பைப் பொறுத்தவரை வில்லன் சோடியம் உப்பு அல்ல, இந்த ரெண்டும்தான். கால்சியம் அயனிக்கு ரெண்டு கை. ஒவ்வொரு கையிலும் ஒரு சோப்பு மூலக்கூறின் தலையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் அது தண்ணியில் கரையாத மெழுகாகிவிடும். பக்கெட் ஓர வளையம் அதுதான். தொட்டியின் மஞ்சள் ஏட்டிலும் பாதி அதுதான்.

மீன் தொட்டிக்காரர்கள் பயன்படுத்துகிற கடினத்தன்மைப் பட்டை ஒரு டப்பா வாங்கினேன். (டி.டி.எஸ். மீட்டர் போதாது. அது எல்லா உப்பையும் ஒண்ணாகச் சேர்த்துச் சொல்லும்.) பட்டறை போர் தண்ணியில் நனைத்தால் கடைசி நிறத்தையும் தாண்டியது, அந்தக் கடைசி 425 பிபிஎம். சம அளவு ஆர்.ஓ. தண்ணி கலந்து மறுபடி பார்த்தால் 250. ஆக ஏறக்குறைய 500. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் 200 வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை விடலாம். அதாவது இது சட்டப்படி குடிக்கலாம். சோப்புக்குத்தான் ஆகாது. கணக்குப் போட்டால், 500 பிபிஎம் தண்ணி லிட்டருக்குச் சுமார் 3 கிராம் சோப்பைத் தின்றுவிட்டுத்தான் மிச்சத்தை வேலை செய்ய விடும்.

ஆனா ஒரு விஷயம் இடித்தது. புது கூலண்ட் கலந்த அன்னிக்கு நல்லாத்தானே இருக்கு? இதே தண்ணிதானே? நல்ல எண்ணெயில் வெறும் சோப்பு மட்டும் இருக்காது. கால்சியத்தைக் கொஞ்சம் தாங்குகிற சல்ஃபனேட்டும் இருக்கும். 500ஐத் தாங்குகிறது, அப்புறம் ஏன் ரெண்டு வாரத்தில் விழுகிறது?

பதில் கூலண்ட் தொட்டியின் அன்றாடத்தில் இருந்தது. தொட்டி 50 லிட்டர். வெயிலிலும் சூட்டிலும் ஆவியாகிப் போவதால் தினமும் சுமார் 3 லிட்டர் தண்ணி ஊற்றுகிறார்கள். ஆவியாகிப் போவது தண்ணி மட்டும்தான். கால்சியம் தொட்டியிலேயே தங்கும். 3 லிட்டரில் 1.5 கிராம். 26 வேலை நாளில் 39 கிராம். 50 லிட்டரில் அது 780 பிபிஎம். ஏற்கெனவே இருந்த 500ஐச் சேர்த்தால் 1280. இது அதிகபட்சக் கணக்கு. கொஞ்சம் சுண்ணாம்பாகப் படியும், கொஞ்சம் சுருளோடும் ஜாப்போடும் போகும். ஆனாலும் திசை ஒண்ணுதான். மாசக் கடைசியில் தொட்டியில் இருப்பது முதல் நாள் தண்ணி இல்லை. பழைய கோடில் மெமரி லீக் மாதிரி: ஒவ்வொரு தடவையும் கொஞ்சூண்டு, திடீரென்று ஒருநாள் விழும்.

இதை நிரூபிக்கணும். முதலில் போர் தண்ணியைக் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சினேன், கடினத்தன்மை ரெண்டு மடங்காகும்னு நினைத்து. அசட்டுத்தனம். கொதிக்க வைத்தால் பைகார்பனேட் உடைந்து பாதி கால்சியம் பாத்திரத்தின் அடியிலேயே வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஏழாம் கிளாஸ் பாடம், மறந்துபோச்சு. பாத்திரம் விளக்கும்போது வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இங்கே வேண்டாம்.

அப்புறம் உரக்கடையில் எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட் வாங்கினேன். லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்தால் 1000 பிபிஎம் கடினத்தன்மை. நாலு பாட்டில்: மழைத்தண்ணி, சிற்றாற்றுத் தண்ணி, போர் தண்ணி, எப்சம் உப்பு போட்ட மழைத்தண்ணி. எல்லாவற்றிலும் ஒரே டின்னிலிருந்து ஒரே அளவு எண்ணெய், 5 சதவீதம். ராத்திரி ஜன்னலில் வைத்தேன். காலையில் மழையும் சிற்றாறும் அப்படியே பால். போர் தண்ணியில் கழுத்தோரம் மெல்லிசாக ஒரு வளையம். எப்சம் பாட்டிலில் மேலே ஒரு விரல்கடை மஞ்சள் ஏடு, கீழே கலங்கிய தண்ணி. அண்ணாச்சியின் தொட்டியை பாட்டிலில் அடைத்த மாதிரி. அந்த மழைத்தண்ணியில் நான் சேர்த்தது உப்பு ஒண்ணுதான்.

பாட்டில்களை அண்ணாச்சியிடம் கொண்டுபோய் வரிசையாக வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப நான் ஆயில்காரன ஏசினதெல்லாம்?" என்றார்.

மிச்ச நோய்களும் இதிலிருந்துதான். பால்மம் திரிந்தால் துருத் தடுப்பான் ஜாப்புக்குச் சரியாகப் போய்ச் சேராது. போர் தண்ணியின் குளோரைடு வேறு துருவைத் தூண்டும். மேலே எண்ணெய் ஏடு மூடிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஓடாத நேரத்தில் கீழே காற்றுப் போகாது. காற்றில்லாமல் வாழ்கிற பாக்டீரியாக்கள், தண்ணியில் இருக்கிற சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும். அதுதான் திங்கட்கிழமை முட்டை நாற்றம். இவை பெருகினால் கூலண்டின் காரத்தன்மை இறங்கும்; 9 பக்கம் இருக்க வேண்டிய பிஹெச் 8க்குக் கீழே போனால் துரு இன்னும் வேகமாகும்.

பையன் கைக்கு வருகிறேன். நம் தோலின் மேல் அடுக்கில் இருப்பதும் கொழுப்புதான், அதுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. எண்ணெயைத் தண்ணிக்குள் இழுக்கிற அதே வேலையைச் சர்ஃபக்டன்ட் நம் கையிலும் செய்யும். 20க்கு ஒண்ணு என்றிருந்ததை 10க்கு ஒண்ணு ஆக்கினபோது அந்தக் கையில் பட்ட சர்ஃபக்டன்டும் காரமும் ரெண்டு மடங்கானது. சாயங்காலம் அழுக்குப் போக மண்ணெண்ணெயில் கை கழுவுவான். மிச்சமிருந்த கொழுப்பும் அதில் போச்சு. கையிடுக்கில் ஒட்டுகிற பொடிச் சுருள் அந்த வெடிப்புக்குள் நுழைந்து இன்னும் கீறும். இதை எழுதுவதற்கு முன்னால் அவனைத் தென்காசியில் தோல் டாக்டரிடம் அனுப்பியாச்சு. கூலண்ட் தொடாமல் இருக்கணும், அல்லது கையுறை என்றார் டாக்டர். ஓடுகிற லேத்தில் கையுறை போடவே கூடாது. துணி சிக்கினால் கையையே இழுத்துவிடும். மெஷின் நின்ற பிறகு தொட்டி கழுவ, ஜாப் துடைக்க மட்டும் ரப்பர் கையுறை என்று ஏற்பாடு. மண்ணெண்ணெய் நிறுத்தம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடணும். பழைய பட்டறைகளில் துருவுக்கு நைட்ரைட் உப்பைக் கூலண்டில் கலக்கிற வழக்கம் உண்டு. துரு நிற்கும், உண்மைதான். ஆனா கூலண்டில் இருக்கிற அமீன்களோடு சேர்ந்து அது நைட்ரோசமீன் ஆகலாம். புற்றுநோயோடு தொடர்புடைய வகை. அமெரிக்காவில் 1984இல் இதற்குத் தடை வந்தது. யாராவது சொன்னால் செய்யாதீர்கள்.

தீர்வு சுலபம்னு நினைத்தேன்: முழுசும் மழைத்தண்ணி. தென்காசிப் பக்கம் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பட்டறைக் கூரை தகரம். ஒரு நீல டிரம்மும் ஒரு குழாயும் போதும். தொட்டியைக் கழுவி, மழைத்தண்ணியில் 5 சதவீதம் கலந்து ஓட்டினோம். அரை மணி நேரத்தில் தொட்டி முழுக்க நுரை. தரையில் வழிந்து, லேத் காலடியில் அண்ணாச்சி வழுக்கப் பார்த்தார். "என்ன தம்பி, தொவைக்கிற மிசினு கணக்கா ஆக்கிட்டிய!"

இதுவும் அதே சர்ஃபக்டன்ட்தான். அதைப் பிடித்து வைக்கக் கால்சியம் இல்லாததால், மிஞ்சியதெல்லாம் மேல்பரப்புக்குப் போய்க் காற்றுக் குமிழிகளைப் போர்த்திக்கொண்டது. கொஞ்சம் கால்சியம் இருந்தால், உண்டாகிற அந்தக் கரையாத மெழுகுத் துணுக்குகளே நுரையை உடைத்துவிடும். மென்னீர் கிடைக்கிற பெரிய ஆலைகளில் இதற்காகவே கால்சியம் அசிடேட்டை வாங்கிப் போடுகிறார்கள்! அயனி இல்லாத தலை கொண்ட சர்ஃபக்டன்ட் வகைகளும் உண்டு. அவற்றைக் கால்சியம் ஒன்றும் செய்யாது, ஆனா நுரை பிரச்சினை அங்கே வேறு மாதிரி வரும். விலையும் கூட.

கடைசியில் நின்றது இப்படி. முதல் தடவை நிரப்ப மூணு பங்கு மழைத்தண்ணிக்கு ஒரு பங்கு போர் தண்ணி. 500ஐ நாலால் வகுத்தால் 125. நுரையும் இல்லை, திரிவதும் இல்லை. தினசரி ஊற்ற மழைத்தண்ணி மட்டும், ஏன்னா முதலில் போட்ட கால்சியம் எங்கேயும் போகவில்லை. அதோடு ஜாப்பில் ஒட்டிப் போகிற எண்ணெய்க்கு ஈடாக லேசாகக் கலந்த கூலண்ட். செறிவைப் பார்க்கச் சர்க்கரைக் கரைசலுக்குப் பயன்படுத்துகிற ரிஃப்ராக்டோமீட்டர் ஒண்ணு வாங்கியாச்சு. கரும்புக்காரர்கள் வைத்திருக்கிற அதே கருவி. எண்ணெய்க்கு எண்ணெய் அதைப் பெருக்க வேண்டிய எண் மாறும், டின்னில் பார்க்கணும். சனிக்கிழமை சாயங்காலம் மேலே மிதக்கிற எண்ணெயை வழித்தெடுப்பது பையன் வேலை. பெட்டுக்கு விடுகிற எண்ணெய் ஒழுகித் தொட்டியில் சேர்வதுதான் அது. இது மூணாவது மாசம். துரு என்று ஜாப் திரும்பி வரவில்லை. எண்ணெய் செலவு பாதிக்கும் கீழே. பையன் கை ஆறி வருகிறது, முழுசா இல்லை.

அந்தப் பழைய கூலண்ட் மிச்சம் இருக்கிறது. இதுவரை அது பட்டறைக்குப் பின்னால் இருக்கிற ஓடையில்தான் போயிருக்கு. மழை பெய்தால் ஓடை குளத்துக்குப் போகும். சர்ஃபக்டன்ட் மீனின் செவுளையும் அதே மாதிரிதான் கையாளும், பையனின் தோலைக் கையாண்ட மாதிரி. அருவியில் ஷாம்புப் பாக்கெட்டுக்குத் தடை போடுகிற ஊரில், 50 லிட்டர் கூலண்ட் யார் கண்ணிலும் படவில்லை.

பால்மத்தை உடைக்கத்தான் இப்போது நமக்குத் தெரியுமே. ஒரு பாட்டில் பழைய கூலண்டில் படிகாரத்தைக் கரைத்துப் பார்த்தேன். இதில் அலுமினியம், கால்சியத்தைவிட ஒரு கை கூட. ஒரு ராத்திரியில் எண்ணெய் மேலே, சேறு அடியில், நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணி. ஆலைகளிலும் அமிலமோ இப்படி ஒரு உப்போ போட்டுத்தான் பிரிக்கிறார்கள். அந்தத் தெளிந்த தண்ணியை மட்டும் இன்னொரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினேன். நுரைத்தது. சர்ஃபக்டன்டில் ஒரு பகுதி இன்னும் அதில்தான் இருக்கிறது. அதனால் ஓடைக்கு அதுவும் ஆகாது. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி இதை அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்கணும். விசாரித்த ரெண்டு பேரும் "டேங்கர் லோடு இருந்தா சொல்லுங்க" என்றார்கள்.

இப்போதைக்கு ரெண்டு கேனில் ஊற்றி, மூடி இறுக்கி, ஷேப்பருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். தென்காசியில் இன்னும் நாலஞ்சு பட்டறைக்காரர்களைச் சேர்த்தால் ஒரு லோடு தேறுமான்னு அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருக்கிறார்.